பொதுக்குழு மரமாகி நின்ற கதை

இந்தக் காட்டை நான் பார்த்ததில்லை. இதில் வருகிறவர்களோடு நடந்ததும் இல்லை. விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்த எட்வின் சொன்ன கதை இது. அவனும் கூடப் போகவில்லை. அவனுடைய தாய்மாமா சவரிமுத்து சொல்லித்தான் கேட்டிருக்கிறான். என்னிடம் வந்து சேர்வதற்குள் கதை இரண்டு கை மாறிவிட்டது. சந்தேகம் இருக்கிற இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

வேப்பங்குறிச்சியில் காலை நடையாளர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. மொத்தமே நான்கு பேர். தலைவர் வையாபுரி, செயலாளர் சிங்காரவேலு, பொருளாளர் சவரிமுத்து. மிச்சமிருந்த ஆண்டியப்பனுக்குக் கொடுப்பதற்குப் பதவி இல்லை. அதனால் அவர் பொதுக்குழு. "பொதுக்குழு இன்னும் வரலையா?" என்று தலைவர் சத்தம் போட்டால், ஆண்டியப்பன் வீட்டில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

சங்கத்தில் எதுவும் தீர்மானம் போட்டுத்தான் நடக்கும். செயலாளர் முன்மொழிவார். பொருளாளர் வழிமொழிவார். பொதுக்குழு கை தூக்கும். தலைவர் "நிறைவேறியது" என்பார். போட்ட தீர்மானத்தை மாற்ற வேண்டுமென்றால் இன்னொரு தீர்மானம் வேண்டும். எல்லாவற்றுக்கும் நான்கு பேரும் ஆஜராகி இருக்க வேண்டும். மூன்று பேர் மட்டும் இருந்தால் அது கூட்டம் இல்லை, வெறும் மூன்று பேர்.

பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். ஒருநாள் சவரிமுத்து திடீரென்று நின்றார்.

"தலைவரே, இத்தனை வருஷமா நடக்குறோம். இன்னும் எங்கயுமே போய்ச் சேரலையே?"

வையாபுரியும் நின்றார். யோசித்தார். "அட, ஆமாய்யா!"

அப்படித்தான் ஒரு சுற்றுலாக் கம்பெனியில் பேர் கொடுத்து இத்தாலிக்குப் போனார்கள். அந்த நாட்டின் தெற்கே சிசிலி என்று ஒரு தீவு. அங்கே பலெர்மோ என்ற ஊரில் மற்றப் பயணிகள் எல்லாம் கடை பார்க்கப் போய்விட்டார்கள். நம்மவர்கள் ஓட்டல்காரரிடம் இரண்டு விரலைக் கால் மாதிரி நடத்திக் காட்டினார்கள். அவர் புரிந்துகொண்டு, மலைக்காட்டில் ஆட்களை நடத்திக் கூட்டிப்போய் மரம், மட்டை, பழைய கால வாழ்க்கை எல்லாம் விளக்கிச் சொல்கிற ஒரு பெண்ணுக்குப் போன் போட்டார். அவளுக்குத் தமிழ் தெரியும். பலெர்மோவில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. அவள் பேர் சுகிர்தா.

மலையின் பேரை எட்வின் மூன்று முறை மூன்று விதமாகச் சொன்னான். அதனால் நான் எழுதவில்லை.

காட்டின் வாசலில் சுகிர்தா கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"ஐயாமார், ஒண்டு சொல்லவேணும். எனக்கு இது சோதனை நடை. பொழுது சாயிறதுக்கு முன்னம் உங்கள் நாலு பேரையும் கீழே கல்வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கவேணும். அங்க எங்கட பெரியவர் பெப்பே நிண்டு தலையை எண்ணுவார். சரியெண்டால் வேலை நிரந்தரம். ஒரு தலை குறைஞ்சாலும் நாளைக்கு நான் திரும்ப ரெஸ்டோரண்டில கோப்பை கழுவத்தான் போகவேணும்."

"ஒரு தலையும் குறையாதும்மா," என்றார் வையாபுரி. "எங்க ஊர்லயே நாங்கதான் கட்டுப்பாடான சங்கம்."

அவள் விதிகளைச் சொன்னாள். மரத்திலும் பாறையிலும் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருக்கும். அதுதான் வழிக்கு அடையாளம். தன்னைத் தவறவிட்டால் அந்த அடையாளத்தின் பின்னால் வர வேண்டும். காட்டிலிருந்து எதையும் எடுத்துப் போகக் கூடாது, காட்டில் எதையும் விட்டுப் போகவும் கூடாது. காட்டுப்பன்றி வந்தால் ஓடக் கூடாது, மரம் மாதிரி அசையாமல் நிற்க வேண்டும்.

"என்ன மரம் மாதிரி?" என்று கேட்டார் செயலாளர் சிங்காரவேலு.

"எந்த மரமெண்டாலும் பரவாயில்லை ஐயா."

"அப்படிப் பொத்தாம்பொதுவா தீர்மானம் போட முடியாதும்மா. வேப்பமரம்னு வெச்சுக்கலாமா?"

"சரி ஐயா. வேப்பமரம்."

முன்மொழிந்தார், வழிமொழிந்தார், பொதுக்குழு கை தூக்கியது. மூன்று விதிகளும் மூன்று தீர்மானங்களாக நிறைவேறின. எல்லாரும் ஒழுங்காகக் கேட்கிறார்களே என்று சுகிர்தா சந்தோஷப்பட்டாளாம். அது ஒன்றுதான் அன்றைக்கு அவள் செய்த தப்பு.

முதலில் ஒரு பழைய மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். அந்த ஊர்க்காரர்கள் மரத்தின் பட்டையைக் கீறிவிடுவார்கள். பால் வடிந்து வெயிலில் வெள்ளையாக உறையும். இனிப்பாக இருக்கும். பேர் மன்னா.

சவரிமுத்து சட்டென்று தொப்பியைக் கழற்றினார். "மன்னா வானத்துலேர்ந்துல்ல விழும்? பைபிள்ல அப்படித்தான் இருக்குன்னு எங்க பங்குச் சாமியார் சொல்லியிருக்காரே."

"இது மரத்தில இருந்து வாறது ஐயா."

"எதுக்கும் நான் மேலயே பாத்துக்கிட்டு வர்றேன்," என்று வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து நடந்தார். கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளம் இருந்தது. எந்தப் பக்கமாக விழுந்தார் என்பது எட்வினுக்குத் தெரியவில்லை. விழுந்தது நிச்சயம்.

அவரைத் தேற்றுவதற்காகச் சுகிர்தா தன் பையிலிருந்து ஒரு துண்டு மன்னாவைக் கொடுத்தாள். வாயில் போட்டுக்கொண்டார். செயலாளர் பதறிவிட்டார்.

"என்னய்யா பண்ற? காட்டுப் பொருளை எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு தீர்மானம் இருக்கு!"

"நான் எங்க எடுத்துட்டுப் போறேன்? வாயிலதான் இருக்கு."

"வாய் யாரோட போகுது? உன்னோடதானே போகுது?"

"அப்ப துப்பிடுறேன்."

"துப்பினா காட்டுல விட்டுட்டுப் போறதாயிடும். அதுக்கும் தீர்மானம் இருக்கு."

நான்கு பேரும் வட்டமாக நின்று யோசித்தார்கள். யோசித்து முடிப்பதற்குள் மன்னா கரைந்துவிட்டது. சவரிமுத்து தலைகுனிந்து நின்றார். கடைசியில் ஈடாக ஒரு கடலை மிட்டாயை மரத்தடியில் வைத்துக் கும்பிட்டார். விட்டுப் போகக் கூடாதே என்று செயலாளர் அதை எடுத்தார். எடுத்துப் போகக் கூடாதே என்று தலைவர் பிடுங்கித் திரும்ப வைத்தார். சுகிர்தா அதை எடுத்துத் தின்றுவிட்டு, "இனி நடப்பமோ?" என்றாள்.

தலைவரைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அவர் வெளிநாட்டிலும் வேட்டிதான். வெள்ளை வேட்டி, பட்டையான சிவப்புக் கரை. அது எந்தக் கட்சியின் கரையும் இல்லை என்று எட்வின் உறுதியாகச் சொன்னான்.

ஓக் மரங்கள் அடர்ந்த இடத்தில் பன்றி வந்தது. கறுப்பு, நல்ல கனம். கீழே கிடந்த கொட்டைகளை நொறுக்கிக்கொண்டே வந்தது.

"அசையாதேங்கோ!" என்றாள் சுகிர்தா.

நான்கு பேரும் வேப்பமரமானார்கள். ஆண்டியப்பன்தான் எல்லாரையும்விட நன்றாக ஆனார். மரத்துக்குக் கண் கிடையாது என்று கண்ணை மூடிக்கொண்டார். கிளைக்காகக் கையை உயர்த்திக்கொண்டார். பன்றி ஒவ்வொருவராக மோந்து பார்த்துவிட்டு ஆண்டியப்பனைத் தேர்ந்தெடுத்தது. அவர் முழங்காலில் தன் முதுகை மேலும் கீழுமாக நன்றாகத் தேய்த்துச் சொறிந்துகொண்டது. பிறகு போய்விட்டது.

"போயிட்டுது. இனிப் பயமில்லை, வாங்கோ," என்று சுகிர்தா முன்னால் நடந்தாள்.

தலைவரும் செயலாளரும் பொருளாளரும் நடந்தார்கள். நிர்வாகிகளுக்கு அவசர அதிகாரம் உண்டு. பொதுக்குழுவுக்குக் கிடையாது. தீர்மானத்தில் நிற்கச் சொல்லியிருந்தது. எப்போது போகலாம் என்று சொல்லவில்லை. ஆண்டியப்பன் நின்றார்.

அந்தக் காலத்தில் விறகை மண் போட்டு மூடிக் கரி சுட்ட வட்டமான மேடு ஒன்று வந்தது. அதை விளக்கிச் சொல்லத் திரும்பிய சுகிர்தா, வாயைத் திறந்தபடியே நின்றாள்.

"மற்ற ஐயா எங்க?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "பொதுக்குழுவைக் காணோம்," என்றார் தலைவர்.

"ஐயோ! வாங்கோ, தேடுவம்!"

செயலாளர் கையைக் காட்டி நிறுத்தினார். "இரும்மா. தேடணும்னா தீர்மானம் போடணும். தீர்மானம் போடணும்னா பொதுக்குழு இருக்கணும்."

"அவரைத்தானே ஐயா காணேல்லை!"

"அதைத்தான் நானும் சொல்றேன். பொதுக்குழு இருந்தா தேடலாம்."

"பொதுக்குழு இருந்தா ஏன்யா தேடணும்?" என்றார் சவரிமுத்து.

"அப்ப எப்படிப் பாத்தாலும் தேட வேண்டியதில்லைன்னு ஆகுது," என்றார் தலைவர், கொஞ்சம் நிம்மதியாக.

சுகிர்தா மரங்களுக்கு மேலே பார்த்தாள். வெயில் மஞ்சளாகிவிட்டிருந்தது. "நீங்கள் இந்த இடத்தைவிட்டு அசையாதேங்கோ. நான் ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வாறன். தப்பித் தவறி வழி மாறினால் அந்தச் சிவப்பு வெள்ளை அடையாளம், மறந்துபோகாதேங்கோ!" என்று வந்த வழியே ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் வையாபுரிக்குத் தண்ணீர் தாகம் எடுத்தது. பக்கத்தில் எங்கோ ஓடை சலசலத்தது. எழுந்து அந்தப் பக்கம் போனார். திரும்பிப் பார்த்தால் இரண்டு பேரும் பின்னாலேயே வருகிறார்கள்.

"யோவ், உங்களை அங்கதானே இருக்கச் சொல்லிச்சு அந்தப் பொண்ணு?"

"அடையாளம் போகுது தலைவரே. நாங்க எப்படி இருக்க முடியும்?" என்று சிங்காரவேலு வேட்டியைக் காட்டினார்.

வையாபுரி குனிந்து பார்த்தார். வெள்ளை. சிவப்பு. மறுக்க முடியவில்லை.

"அப்ப நான் எந்தப் பக்கம் போகணும்?"

"அடையாளம் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம்."

"அது நான் போற பக்கம்தான்யா போகும்."

"அப்ப நீங்க தப்பான பக்கம் போகவே முடியாது."

சவரிமுத்துவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "மத்தவன்லாம் வழியைத் தேடிப் போறான். நமக்கு வழி கூடவே வருது தலைவரே!"

அதன் பிறகு அவர்கள் எதற்கும் பயப்படவில்லை. முள்ளுக்குள் போனார்கள். ஓடைக்குள் இறங்கினார்கள். ஒரு பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். வேட்டியில் ஒட்டிய முள்விதைகளை எல்லாம் பிய்த்து அந்தந்தச் செடியிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அடையாளம் ஒரு நிமிஷம்கூடக் கண்ணை விட்டு மறையவில்லை. தற்செயலாக, பன்றி வந்த இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

அங்கே ஆண்டியப்பன் கண்ணை மூடிக் கையைத் தூக்கியபடி நின்றார். சுகிர்தா அவர் முன்னால் கைகூப்பிக்கொண்டு நின்றாள்.

"ஐயா, பண்டி போயிட்டுது. எப்பவோ போயிட்டுது. தயவுசெய்து கையைக் கீழ போடுங்கோ."

ஆண்டியப்பன் பேசவில்லை. மரம் பேசாது.

"சொன்னாக் கேக்க மாட்டாரும்மா," என்றார் சிங்காரவேலு பெருமையாக. "தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டவர்."

"அப்ப அந்தத் தீர்மானத்தை மாத்துங்கோ!"

"மாத்தலாம். நாலு பேர் வேணும்."

"நாலு பேரும் இஞ்சதானே நிக்கிறியள்!"

"மூணு பேரும் ஒரு மரமும் நிக்கிறோம். மரத்துக்கு ஓட்டு உண்டா தலைவரே?"

வையாபுரி மூக்கைத் தேய்த்தார். "எங்க ஊர்ல இதுவரைக்கும் இல்லை."

"தூக்கிட்டாவது போயிடலாமே," என்றார் சவரிமுத்து.

"காட்டுலேர்ந்து மரத்தைத் தூக்கிட்டுப் போறதா? ஒரு துண்டு மன்னாவுக்கே தலைகுனிஞ்சு நின்ன ஆளுய்யா நீ."

தலைவர் ஆண்டியப்பனைச் சுற்றி வந்து பார்த்தார். "நல்லாத்தான் நிக்கிறார். சங்கத்துலேர்ந்து ஒருத்தர் வெளிநாட்டுல மரமா இருக்கிறது நமக்கும் கௌரவம்தானே," என்று பையிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்துப் போர்த்தினார். யாருக்காவது போர்த்த வேண்டி வரும் என்று ஊரிலிருந்தே கொண்டுபோயிருந்தது அது.

சுகிர்தா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மரங்களுக்கு நடுவே சூரியன் சிவப்பாகத் தெரிந்தது. கீழே பெப்பே இந்நேரம் கல்வீட்டு வாசலில் நின்றிருப்பார். அவள் கண்ணுக்கு முன்னால் கழுவாத கோப்பைகள் வரிசையாக வந்து நின்றன.

"இந்தக் கூட்டம் முடியவே முடியாதோ?" என்றாள் அழுகையோடு.

"முடியும். ஏன் முடியாது?" என்றார் சிங்காரவேலு. "நன்றியுரை சொல்லிட்டா முடிஞ்சிடும்."

"அதுக்கும் நாலு பேர் வேணுமோ?"

செயலாளர் சிரித்துவிட்டார். "நன்றியுரைக்கா? எந்த ஊர்ல நன்றியுரைக்கு நாலு பேர் இருந்திருக்கான்?"

சுகிர்தா எழுந்தாள். பலெர்மோவில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பொங்கல் விழா ஒவ்வொன்றிலும் நன்றியுரை கேட்டு வளர்ந்தவள் அவள். கண்ணைத் துடைத்தாள். தொண்டையைச் செருமினாள்.

"இந்த இனிய மாலைப் பொழுதில், இங்கே வருகை தந்து சிறப்பித்த தலைவர் அவர்களுக்கும், செயலாளர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும்..."

சவரிமுத்து மெதுவாகப் பையைத் தோளில் மாட்டினார்.

"...நிழல் தந்த ஓக் மரங்களுக்கும், நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போன பன்றி அவர்களுக்கும்..."

தலைவர் வேட்டியை மடித்துக் கட்டினார். ஆண்டியப்பனின் ஒரு கை தானாகக் கீழே இறங்கியது.

"...இடம் தந்த மலைக்கும் நன்றியைத் தெரிவித்து..."

ஆண்டியப்பனின் மூக்கு அசைந்தது. இத்தனை வருஷப் பழக்கம். நன்றியுரை என்றால் அடுத்தது சாப்பாடு. அவருக்குத் தெரிகிறதோ இல்லையோ, அவர் காலுக்குத் தெரியும்.

"...விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்!" என்று சுகிர்தா கும்பிட்டு நிமிர்ந்தபோது அங்கே ஒருவரும் இல்லை. நான்கு பேரும் பந்திக்கு முந்துகிற வேகத்தில் இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தார்கள், வேட்டி முன்னால், பொன்னாடை பின்னால். அவள் பின்னாலேயே ஓடினாள்.

கல்வீட்டு வாசலில் பெப்பே நின்றிருந்தார். பெரிய மீசை, கையில் தடி. தடியின் நுனியால் ஒவ்வொரு தலையாகச் சுட்டி எண்ணினார். எண்ணி முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். மறுபடி எண்ணினார். மூச்சிரைக்க வந்து சேர்ந்த சுகிர்தாவும் எண்ணினாள். வையாபுரி, சிங்காரவேலு, சவரிமுத்து, ஆண்டியப்பன். அவருக்குப் பின்னால், தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர்.

ஐந்து.

அவர் எங்கே சேர்ந்துகொண்டார் என்று யாருக்கும் தெரியாது. அழுக்கான உடுப்பு, கையில் ஒரு தூக்குவாளி, கண் மட்டும் தலைவரின் வேட்டியை விட்டு நகரவில்லை. பெப்பே தடியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அந்த ஆளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு சுகிர்தாவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கி ஏதோ சொன்னார். அவளும் அழுதாள். என்ன சொன்னார் என்று நம் ஆட்களுக்குப் புரியவில்லை. அவர்களுடைய கவலை வேறாக இருந்தது.

"தலைவரே, காட்டுலேர்ந்து ஒண்ணு கூட வந்திருக்கு," என்றார் சிங்காரவேலு தாழ்ந்த குரலில்.

"எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு தீர்மானம் இருக்கே!"

"அதான் சொல்றேன். எடுத்த இடத்துல கொண்டுபோய் வெச்சுடணும்."

நான்கு பேரும் இருந்ததால் உடனே நிறைவேறியது. அந்த ஆளை மரியாதையாக இரண்டு பக்கமும் பிடித்து, காட்டின் முதல் மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தி, கும்பிட்டுவிட்டு வந்தார்கள். திரும்பிப் பார்த்தால் அவரும் வந்திருந்தார். மறுபடி கொண்டுபோய் வைத்தார்கள். மறுபடி வந்தார். கடைசியில் ஆண்டியப்பன்தான் யோசனை சொன்னார். அதன்படி தலைவர் காட்டைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வெளியே வந்தார், உள்ளே போகிற மாதிரி தெரியட்டும் என்று. அந்த ஆளும் அதே மாதிரி பின்பக்கமாகவே நடந்து வந்து சேர்ந்தார். அதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. அவரைப் பெப்பேயின் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டு ஏறிக்கொண்டார்கள்.

எட்வினுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கேட்டதை அப்படியே எழுத எனக்குத் தயக்கமாக இருந்தது. அவன் மாமாவிடம் எண் வாங்கிச் சுகிர்தாவுக்கே போன் செய்தேன். வேலை அன்றைக்கே நிரந்தரமாகிவிட்டது என்றாள். கூட்டிப்போனதைவிட அதிகமான ஆட்களைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் அதுவரை அங்கே யாரும் இல்லையாம்.

அந்த ஐந்தாவது ஆளைப் பற்றியும் கேட்டேன். உள்ளூர்க்காரர்தானாம். தூக்குவாளியில் இருந்தது பெயிண்ட். அந்தக் காட்டில் புதுப் பாதைக்குச் சிவப்பும் வெள்ளையும் அடித்து அடையாளம் வைக்கிறவரே அவர்தான். அதற்கு முந்தின நாள் காலையில் வேலைக்குப் போனவர் வழி தவறிவிட்டார்.

"அது எப்படி? அவருக்கா வழி தவறும்?" என்று கேட்டேன்.

"பின்ன?" என்றாள் சுகிர்தா. "அவருக்கு முன்னால ஒரு மரத்திலயும் அடையாளம் இருக்கேல்லையே."